சோத்து டாக்டரம்மா

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. திருவொற்றியூர் டோல்கேட் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதில் மாடிப்படிக்குக் கீழே, மருந்து ஸ்டோருக்கும் லேபுக்கும் நடுவில் எனக்கு ஒரு சின்ன அறை. வாசலில் ‘உணவு ஆலோசகர்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. “சோத்து டாக்டரம்மா ரூமு எங்க கீது?” என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். இப்படியே பதினாறு வருடம் ஓடிவிட்டது.

டாக்டர் ஒரு சீட்டில் சர்க்கரை, கொழுப்பு, ரத்தசோகை, கிட்னி என்று எழுதி அனுப்புவார். நான் ஆளை உட்கார வைத்து, காலையில் என்ன, மதியம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டு, இதைக் குறை, அதைக் கூட்டு என்று ஒரு சார்ட் எழுதிக் கொடுப்பேன். இதைப் படிக்கிற நீங்களும் எங்கேயாவது இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் சர்க்கரை போட்ட டீ குடித்தவராக இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம். மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்களும் அதே டீக்கடைக்குத்தான் போகிறோம். பெயர்களை மாற்றிவிட்டு, மனதை விட்டுப் போகாத சிலதை மட்டும் சொல்கிறேன்.

சுவரில் இருந்த மீன்

என் அறைச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. வெள்ளைத் தட்டு, அதில் பாதி இடத்துக்குப் பச்சைக் காய்கறி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் துண்டு. காத்திவாக்கத்திலிருந்து வந்திருந்த ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெஞ்சுவலி வந்து ஒரு தடவை பிழைத்தவர். ரத்தத்தில் கொழுப்பு இன்னும் இறங்கவில்லை. “இது இன்னா மீனும்மா?” என்றார். அது வெளிநாட்டு மீன், உங்களுக்கு அது தேவையில்லை, நம்ம கவலை மீனும் காணாங்கத்தையும் இதயத்துக்கு அதைவிட நல்லது, பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள் என்றேன். மீன்காரருக்கு மீன் சாப்பிடச் சொல்வதைவிட சுலபமான வேலை இந்தத் தொழிலில் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து, வெடித்துப்போயிருந்தது. தண்ணீரில் இறங்கினாலே அரிக்கிறதாம். காலுக்குக் கீழே மண்ணுக்குப் பதிலாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு இருக்கிறதாம். சில மாதங்களில் இறாலைக் கொதிக்க வைத்தால் வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். அப்படியானால் பிடிக்கிற மீனை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். “புடிக்கறது நாங்க, விக்கறது நாங்க. துண்றதுக்கு மட்டும் கடையாண்ட போயி பிராய்லர் கோயி வாங்கறோம்மா.”

வரிசை நகர்ந்த நேரம்

பாபு எர்ணாவூர்க்காரர். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மாத்திரை போதாமல் இன்சுலினுக்கு வந்தவர். ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற வண்டிகளின் வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ, அது எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நகரும்போது நகராவிட்டால் பின்னால் இருக்கிறவன் முந்திக்கொண்டு போய்விடுவான்.

ஒரு நாள் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லி வாங்க இறங்கப் போனார். அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. கொஞ்ச தூரம்தானே என்று வண்டியை எடுத்தார். நின்றது. மறுபடி நகர்ந்தது. இட்லிக்காரர் பின்னால் எங்கேயோ போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிரெய்லர் மெதுவாக ஊர்ந்து போய் முன்னால் நின்ற வண்டியில் இடித்தது. இறங்கி வந்தவர்கள் பார்த்தபோது பாபு வாய் குழறி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். காலையிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்று இரண்டு அறை விட்டார்கள். அந்த வரிசையில் சர்க்கரை வியாதி உள்ள இன்னொரு டிரைவர் இருந்ததால்தான் பாபு பிழைத்தார். அவர் கூல்டிரிங்க் வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, ஆளைத் திரும்பக் கொண்டுவந்தார்.

சூப்பர்வைசர் குடிபோதை என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எனக்குக் கோபமான கோபம். டாக்டரிடம் பேசி, இது போதை அல்ல, இன்சுலின் எடுப்பவருக்கு சாப்பாடு தாமதமானதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வந்த மயக்கம் என்று விவரமாக எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பெரிய நியாயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டவள் மாதிரி அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம் கழித்து பாபு வந்தார். ரத்தத்தில் சர்க்கரை அழகாகக் கட்டுக்குள் வந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். இப்போதெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், வண்டிதான் இல்லையே என்றார். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: “குடிகாரன்னு உட்டுருந்தா ரெண்டு வாரத்துல மறுபடி வண்டி குட்த்துருப்பான் மேடம். ஊசி போட்றவன்னு எய்தி குட்த்துட்டீங்க, இனிமே எவன் குடுப்பான்?”

ஐஸ்

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று வந்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது, அவள் மடியில் இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கவனித்தேன். உள்ளே உடைத்த ஐஸ். மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ். நான் சீட்டில் எழுதக் குனிந்த நேரத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள்.

எத்தனை வருடமாக என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். நாலைந்து வருடம். வாயில் அது இல்லாவிட்டால் கை வேலை ஓடாதாம். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களாம். வீட்டில் புருஷன் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தான், அதைப் பிறகு சொன்னாள். உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் சிலருக்கு இப்படி ஒரு வெறி வரும். சிலர் மண் தின்பார்கள், சிலர் பச்சரிசி தின்பார்கள், சிலர் ஐஸ். ஏன் என்று முழுதாக எங்களுக்கே தெரியாது. லேபில் ரத்தம் பார்த்த பெண், மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து இரண்டாவது முறை போட்டுப் பார்த்தாள். முதலில் வந்த அதே எண்தான் மறுபடியும் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் அளவுக்கு மீறி உதிரப்போக்கு. வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் அதோடேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினோம். கட்டிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தபோது மடியில் கவர் இல்லை. ஐஸைப் பார்த்தாலே பல் கூசுகிறது என்றாள். மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது, டீ சத்தை உடம்பில் சேர விடாது என்று நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் எழுந்து போகவில்லை. கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: “எம் புருசன் வெளிய நின்னுகினு கீறாரு மேடம். நான் லூசு இல்லேன்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

தேதி தெரியாத பாக்கெட்

ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிற குடும்பம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது செல்வராணி அக்காதான். அவர் எழுதிக்கொண்டு வருகிற சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தால் நானே நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். இரண்டு இட்லி, ஒரு கப் சாதம், நிறைய காய். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார்கள், அதையும் தாண்டி ஏறியது. ஒரு நாள், பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற தேதி தெரியமாட்டேன் என்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று கேட்டார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இது கண்ணாடி விஷயம் இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் உண்மை வந்தது. உடைந்த பிஸ்கட், பிரிந்துபோன மிக்சர், விற்காத கேக், கட்டியாகிப்போன பேரீச்சம்பழம் எல்லாம் கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பாவில் சேரும். அதெல்லாம் சாப்பாடு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, அதனால் எழுதவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நாளைக்குத் தேதி முடியுதுன்னு தெரிஞ்சும் குப்பையில போட மனசு வரல மேடம். அதான் வயித்துல போட்டுட்டேன்.”

மாவு பாக்கெட்

இதில் தப்பு என் மேல். வியாசர்பாடி சேகர் குடோனில் மூட்டை தூக்குகிறவர். டி.பி. வந்து, மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். கிருமி தின்று தீர்த்த சதையை மாத்திரை திருப்பித் தராது. அதற்குப் பருப்பும் முட்டையும் கடலையும் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்த மாவு பாக்கெட் கொடுப்போம். மாதாமாதம் சரியாக வந்து வாங்கிக்கொண்டு போவார். எடை மட்டும் ஏறவில்லை. இடுப்பு பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மாவை வெளியே விற்றுவிடுகிறீர்களா என்று, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டேன். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வரவில்லை.

மருந்து நின்றுபோனால் ஆபத்து என்பதால் எங்கள் கள ஊழியரோடு நானே வீட்டுக்குப் போனேன். குடியிருப்பில் மூன்றாவது மாடி, ஒரே அறை. மத்தியானம். நல்லவேளை, மாத்திரையை நிறுத்தவில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு குழந்தைகள். இறந்துபோன தங்கையின் குழந்தைகள் இரண்டு. நாங்கள் உள்ளே போனபோது நாலும் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அலமாரியில் எங்கள் மாவு பாக்கெட், கடைசி பாக்கெட், அடிவரை சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த மாதத்திலிருந்து குழந்தைகளுக்கும் சேர்த்து பாக்கெட் எழுதினேன், எடையும் மெல்ல ஏறியது. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “நீங்க கேட்டது தப்பில்ல மேடம். நாலு கொயந்த வாயப் பாத்துகினு நிக்கசொல்ல, எனக்கு மட்டும் தொண்டைல எறங்குமா, நீங்களே சொல்லுங்க.”

இரண்டு இளநீர்

வள்ளூரில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்த முனுசாமிக்கு, பல வருடச் சர்க்கரையில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கிட்னி வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பு வெளியே போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். மற்றவர்களுக்கு எதெல்லாம் நல்லது என்று சொல்கிறோமோ, பழம், கீரை, இளநீர், அதெல்லாம்தான் இவர்களுக்கு ஆபத்து. இதை முனுசாமிக்கு இரண்டு தடவை விளக்கினேன். சார்ட் எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி கஸ்தூரி இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்த்ததால் ஒரு தடவையும் கூட வரவில்லை. அவள் வந்தால்தான் சொல்வேன் என்று நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

மழைக்காலத்தில் எண்ணூர் ரோட்டில் தண்ணீர் நின்று, பஸ் ஓடாமல், ஒரு டயாலிசிஸ் தப்பிப்போனது. மறுநாள் அவருக்குக் கால் துவண்டு, எழுந்து நிற்க முடியவில்லை. உடம்பில் தெம்பில்லை என்று கஸ்தூரி நினைத்தாள். அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள், அதைத்தான் செய்திருப்பார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து போய் இரண்டு இளநீர் வாங்கி வந்து கொடுத்தாள். ஆட்டோவில் எங்கள் வாசலுக்கு வந்தபோது உயிர் இல்லை. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டதையும், அதைக் கேட்டு டாக்டர் தலையில் கை வைத்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

காரியமெல்லாம் முடிந்து, சான்றிதழ் வாங்க வந்த அன்று என் அறைக்கும் வந்தாள். நான் அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். அந்தச் சார்ட்டை, மடிப்பில் கிழிந்துபோயிருந்ததை, மேஜை மேல் வைத்தாள். அதற்குப் பிறகு, வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்கள் வந்து உட்காராமல் நான் ஒரு சார்ட்டும் எழுதுவதில்லை. ஆனால் அந்தச் சார்ட்டில் ‘இளநீர் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தேன், கொட்டை கொட்டையான எழுத்தில். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: “எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். எளநீ குடுத்தா ஆளு போயிடும்னு ஏங்கிட்ட யாரும் வாயத் தொறந்து சொல்லலயே.”

டோக்கன் பதினேழு

என் கணவர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. ஏழு வருடமாக. ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்க டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறது, எங்கள் வீட்டில் நான் ‘சாதம் போதும்’ என்று சொன்னால், இன்னும் போடு என்று தட்டு என் பக்கம் நகரும் சத்தம்தான் கேட்கும். முதல் இரண்டு வருடம் சண்டை போட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அதையே பேச எனக்கும் தெம்பில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களில் யாருக்காவது இது புரியும்.

போன மாதம் ஒரு காலை. பதினேழாவது டோக்கனைக் கூப்பிட்டேன். சீட்டு முதலில் மேஜைக்கு வந்தது. டாக்டர் எழுத்தில், சிறுநீரில் புரதம் போகிறது என்றிருந்தது. கிட்னி பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பெயரைப் படித்தேன், நிமிர்ந்தேன். கம்பெனி யூனிஃபார்மோடு அவர் உட்கார்ந்திருந்தார், மற்ற நோயாளிகள் மாதிரியே இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு. எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன், காலையில் என்ன சாப்பிடுவீங்க என்று. கேன்டீன் வடை, நாலு டீ, டீக்கு ரெண்டு பிஸ்கட் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். வீட்டில் சமைக்கிறவள் நான், அதில் பாதி எனக்குத் தெரியாது. சார்ட் எழுதப் பேனாவை எடுத்தேன். அவர் சொன்னார்: “வூட்ல நீ சொல்லசொல்ல சண்ட போட்டுகினே இருந்துட்டேன். இங்க வெச்சு சொல்லு, கேட்டுக்கறேன். வெளிய இன்னும் எட்டு பேரு உக்காந்துகினு கீறாங்க, சீக்கிரம் சொல்லு.”

இத்தனை வருடம் இந்த வேலை பார்த்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: யார் எதைச் சாப்பிடக் கூடாது என்று என்னால் அரைமணி நேரம் விடாமல் பேச முடியும், யாருக்கு எது கிடைக்கிறது என்று எழுதத்தான் நான் கொடுக்கிற சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.